காலடியில் கனல்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கவிதை எழுதுகிறவர்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கேட்க விருப்பமில்லாதவர்களிடமும் தங்கள் செல்வத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். பெங்களூரிலிருக்கும் என் கல்லூரி நண்பர் முதல் வகையைச் சேர்ந்தவர். அவரிடம் 1968-ஆம் வருஷத்து ‘டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர்’ ஒன்று இருக்கிறது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, துணிக்கூரை போட்ட, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடும் சின்னஞ்சிறு பந்தய வண்டி. யுத்த காலத்து ஆகாய விமானத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. அதில் ஏறுவதற்கு வாலிபமும் இறங்குவதற்கு யோகாசனப் பயிற்சியும் தேவை.

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் தம் பத்து வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டார். பகல் பதினொரு மணிக்குக் கைப்பேசியில் அவருடைய குரல் கேட்டது. அத்திப்பள்ளிக்கு அருகே லாரிகளின் நடுவில் வண்டி நின்றுவிட்டதாம். க்ளட்ச் மிதி கால் வைத்ததும் தலையணை போல் அமுங்குகிறதாம். கியர் விழ மாட்டேன் என்கிறதாம். நான் ஆட்டோ ரிக்ஷா ஒன்றில் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை சாலையோரத்தில் ஒரு புங்க மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. “இவளுக்கு இப்போதெல்லாம் வண்டியில் வந்தாலே தலைவலி, குமட்டல் வேறு. பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது” என்றார் நண்பர். அந்த வார்த்தையை அப்போது நானும் பெரிதாக எண்ணவில்லை. வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

அரைமணி நேரம் கழித்து மிதியை அழுத்திப் பார்த்தால் க்ளட்ச் பழையபடி வேலை செய்தது! ஊர்ந்து ஊர்ந்து ஓசூர் வந்து சேர்ந்தோம்.

இங்கே வண்டியின் குலம் கோத்திரத்தைச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஸ்பிட்ஃபயர், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1962 முதல் 1980 வரையில் உற்பத்தியானது. மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் தமிழ் நாட்டுக்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. இதன் அடிச்சட்டம் ‘ஹெரால்ட்’ என்னும் வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. என்ஜினும் அதே குடும்பம். அந்த ஹெரால்டைத்தான் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்ட்’ என்ற பெயரில் நம் சென்னையில் 1961 முதல் தயாரித்தார்கள். நம் தகப்பனார் காலத்து டாக்டர்களும் வக்கீல்களும் ஆசையோடு ஓட்டிய வண்டி அது. முன்பக்கத்து மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாய் போல் முன்னோக்கித் திறந்துகொள்வதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே, சீமையிலிருந்து வந்த இந்தப் பந்தய வண்டிக்கு நம் ஊர் ஹெரால்ட் ஒன்றுவிட்ட தமக்கை என்று சொல்லலாம். ஹெரால்டைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் இங்கே இன்னும் சில இருக்கின்றன.

அப்படிப்பட்ட கைகளுக்கு உடையவர் பாகலூர் சாலையில் சிறு பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘பாய்’. ஓசூர்க்காரர்களுக்கே உரிய முறையில் வாடிக்கைக்காரரின் முகத்தைப் பார்த்துத் தமிழிலோ, தெலுங்கிலோ, கன்னடத்திலோ, உருதுவிலோ பேசுவார். அவரிடம் வேலை கற்கும் பையன் என் பழைய மாணவன். பௌதிக சாஸ்திரத்தில் முப்பத்தைந்து மதிப்பெண் வாங்கி, எனக்கும் அவனுக்கும் ஒரே சமயத்தில் நிம்மதி அளித்தவன்.

நண்பர் முறையிட்டார்: “பொங்கலுக்கு முன்பு நெரிசலில் ஒரு தடவை இப்படித்தான் மிதி தளர்ந்து போயிற்று. ஒரு பெரிய பட்டறையில் விட்டேன். ‘க்ளட்ச் பிளேட் போய்விட்டது’ என்றார்கள். சீமையிலிருந்து பிளேட் வரவழைத்துப் போட்டாயிற்று. மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. வியாதி மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு காலடியில் அடுப்பு வைத்தது போல் சூடு வேறு சேர்ந்துகொண்டது.”

பாய் வண்டியைத் தொடவில்லை. நாடி பிடிக்கும் வைத்தியரைப் போல மூன்று கேள்விகள் கேட்டார்.

“என்ஜின் கத்துகிறதா, வண்டி ஓடாமல்? அல்லது கியர் கரகரவென்று விழ மறுக்கிறதா?”

“கியர்தான் மறுக்கிறது.”

“காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது?”

“ஒரு குறையும் இல்லை.”

“தளர்ந்த மிதியை இரண்டு மூன்று தடவை வேகமாக அமுக்கினால் கொஞ்சம் பிடிக்கிறதா?”

“ஆமாம், பிடிக்கிறது.”

“அப்படியானால் பிளேட் என்ன பாவம் செய்தது, சார்?” என்றார் பாய்.

இந்த மூன்று கேள்விகளில் க்ளட்ச் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. க்ளட்ச் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, வழுக்குவது: பிளேட் தேய்ந்தோ, எண்ணெய் பட்டோ, வில் தளர்ந்தோ போனால் என்ஜின் வேகமெடுக்கும், வண்டி வேகமெடுக்காது, கருகிய வாசனையும் வரும். மற்றொன்று, பிரிய மறுப்பது: மிதியை அழுத்தியும் என்ஜினும் கியர்ப் பெட்டியும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் கியர் கரகரக்கும். முதல் வியாதிக்குப் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டாவது வியாதிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, காலின் பலத்தை க்ளட்சுக்குக் கொண்டு போகும் வழியைத்தான்.

இந்த வண்டியில் அந்த வழி ஒரு திரவம். மிதிக்கு மேலே ஒரு சிலிண்டர். கியர்ப் பெட்டிக்கு அருகே மற்றொரு சிலிண்டர். நடுவில் மெல்லிய குழாய். அதற்குள் பிரேக் எண்ணெய். திரவம் அமுங்காது, ஆகையால் மேலே அழுத்தினால் கீழே தள்ளும். ஆனால் ஆவி அமுங்கும். குழாயில் எங்கேனும் எண்ணெய் கொதித்து ஒரு சிறு குமிழி உண்டானாலும் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். குளிர்ந்தால் ஆவி திரும்பவும் திரவமாகும். மிதியும் உயிர் பெறும். சூட்டில் சாவதும் குளிரில் பிழைப்பதும் இதனால்தான்.

பிரேக் எண்ணெய் அவ்வளவு எளிதில் கொதிக்குமா என்று கேட்கலாம். ‘டாட் 3’ என்னும் ரகம், புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரையில் கொதிக்கலாகாது என்பது விதி. ஆனால் இந்த எண்ணெய்க்கு ஒரு துர்க்குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை ஓயாமல் குடித்துக்கொண்டிருக்கும். ஈரம் குடித்த பின் அதற்கு விதித்த எல்லை 140 டிகிரிதான். ‘டாட் 4’ ரகத்துக்கு இந்த எல்லைகள் 230-ம் 155-ம் ஆகும். நண்பரின் வண்டியில் குப்பியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்தது பழைய காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. பெரிய பட்டறையில் பிளேட்டை மாற்றியவர்கள் எண்ணெயை மாற்றவில்லை. குறைந்ததற்கு மேலே கொஞ்சம் ஊற்றியிருந்தார்கள்.

ஆக, முதல் வியாதிக்குக் காரணம் கிழட்டு எண்ணெய். ஆனால் அது இப்போது கொதிக்கும்படியான உஷ்ணம் எங்கிருந்து வந்தது? பாய் என்ஜினைக் கிளப்பச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். ‘டிக், டிக், டிக்’ என்று பல்லி சொல்வது போல் ஒரு சத்தம். சூடேற ஏற அது குறைந்து மறைந்தது. “புகை ஒழுகுகிறது” என்றார். இரும்பு சூட்டில் விரிந்து இடுக்கை ஓரளவு மூடிக்கொள்வதால் சத்தம் குறைகிறது; ஒழுக்கு நின்றுவிட்டதாக அர்த்தமில்லை.

பையன் வண்டிக்குள் தலையை விட்டு, நடுவிலிருக்கும் கியர்ப் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றினான். ஸ்பிட்ஃபயரில் கியர்ப் பெட்டியை வண்டிக்குள்ளிருந்தே மேலே தூக்கி எடுக்க வேண்டும். அதற்காக இந்த மூடி, அழுத்திய நார் அட்டையினால் செய்து திருகாணி போட்டு வைத்திருக்கும். நண்பரின் வண்டியில் திருகாணிகளில் பாதியைக் காணோம். ஓரத்தில் இருக்க வேண்டிய பஞ்சுப் பட்டையும் இல்லை. கீழே பார்த்தால், என்ஜினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டு போகும் பெண்டு பைப்பு மேலே சேருமிடத்தில் கறுப்பாகப் புகைக்கோடு. கியர்ப் பெட்டியை எடுப்பதற்காக அந்த மூட்டைப் பிரித்தவர்கள், நசுங்கிப் போன பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருந்தார்கள். க்ளட்ச் குழாயையும் அதற்கு நான்கு விரற்கடைத் தூரத்தில் வளைத்து விட்டிருந்தார்கள். பல நூறு டிகிரி உஷ்ணமுள்ள புகை, அந்த இடுக்கு வழியாகச் சீறி நேரே குழாயின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. குழந்தையின் தலைவலி!

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் மூக்குக்குத் தெரியும் புகை நாற்றமெல்லாம் அதனோடு கூட வரும் வேறு பொருள்களுடையது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு இது, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவையே முதல் அறிகுறிகள். வெயிலுக்கும் லாரிப் புழுதிக்கும் பயந்து நண்பர் துணிக்கூரையையும் கண்ணாடிகளையும் மூடிக்கொண்டு வருவது வழக்கம். அதாவது, அருமை மகளை ஒரு சிறு கூண்டில் உட்காரவைத்து, அதற்குள் விஷ வாயுவையும் விட்டு, ‘பிரயாணம் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். “தலைவலி எப்போதிலிருந்து?” என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். முகம் வெளுத்தது. “பிளேட் மாற்றிக்கொண்டு வந்ததிலிருந்து” என்றார்.

வேண்டாத ஒரு வைத்தியம் வேறு இரண்டு வியாதிகளை உண்டாக்கியிருந்தது. குழந்தையை அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனோம். தெய்வாதீனமாகக் கெடுதல் ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. வண்டிக்குள் புதிதாகச் சூடு வந்தால், ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்று சகித்துக்கொள்ளாதீர்கள். சூடு வரும் வழியில் புகையும் வரும்.

பையன் இதற்குள் காற்றுக் குழாயை எடுத்துக் கியர்ப் பெட்டியைச் சுற்றியிருந்த கறுப்புத் தூசியை ஊதப் போனான். நான் கத்திவிட்டேன். அந்நாளைய க்ளட்ச் பிளேட்டுகளிலும் பிரேக் பட்டைகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் நாரைச் சேர்த்துச் செய்தார்கள். பெண்டு பைப்பின்மேல் சூடு தணியச் சுற்றியதும் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கினால், பத்து இருபது வருஷங்களுக்கும் மேல் சும்மா இருந்துவிட்டுப் பிறகு புற்றுநோயாகத் தலை காட்டக்கூடும். ஆகையால் பழைய தூசியை ஊதவும் கூடாது; உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. முகத்துக்குத் தகுந்த மூடி அணிந்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாற்பது வருஷம் வாயாலேயே ஊதினேன், சார். ஒருவரும் சொல்லவில்லையே!” என்றார். பிறகு பையனின் கையிலிருந்து காற்றுக் குழாயைத் தாமே வாங்கி ஆணியில் மாட்டினார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்பதை ‘தீப்பிடிக்காத பொருள்’ என்று மட்டும் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

இனி, செய்த சிகிச்சையைச் சொல்கிறேன். பெண்டு பைப்பின் மூட்டைப் பிரித்து, இரு முகங்களையும் தேய்த்துச் சமன் செய்து, புதுப் பேக்கிங் போட்டார்கள். க்ளட்ச் குழாயை ஒரு சாண் தூரம் விலக்கி, கிளிப் போட்டு நிறுத்தினார்கள். பழைய எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிய டாட் 4 எண்ணெய் நிரப்பிக் காற்று எடுத்தார்கள். (சாதாரண என்ஜின் எண்ணெயை இதில் ஒரு சொட்டுக்கூட விடலாகாது, ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.) மேல்மூடிக்குப் பஞ்சுப் பட்டையும் எல்லாத் திருகாணிகளும் போட்டாயிற்று. கம்பிகளும் குழாய்களும் உள்ளே நுழையும் துவாரங்களுக்குப் புதிய ரப்பர் வளையங்கள் வைத்தாயிற்று.

இந்த என்ஜினில் பெட்ரோல் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அடுப்புக்கு மேலே தண்ணீர்ப் பானை போல, புகைக் குழாய்களுக்கு மேலே கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடும்போது காற்று படுவதால் பாதகமில்லை. ஓடி நிறுத்திய பின்புதான் அடுப்பின் சூடு மேலேறிப் பெட்ரோலைக் கொதிக்க வைக்கும். வண்டி மறுபடி கிளம்ப மறுக்கும். இதற்காக நடுவில் ஒரு தகடு உண்டு. நண்பரின் வண்டியில் அது எந்தக் காலத்திலோ காணாமற் போயிருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தார்கள். தகட்டுக்கு இருபுறமும் காற்று போக இடம் விட வேண்டும் என்பதுதான் இதில் ரகசியம். குழாய் முழுவதும் கண்ணாடி நார்ப் பட்டையைச் சுற்றிவிடலாமே என்றார் நண்பர். பாய் மறுத்துவிட்டார். பட்டைக்குள் சூடு அடைபட்டும் ஈரம் தங்கியும் பழைய இரும்பு துருப்பிடிக்கும், வெடிக்கும் என்பது அவருடைய அபிப்பிராயம். விஷயமறிந்தவர்களும் அதையே சொல்கிறார்கள்.

புதிய பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது நம் நாட்டில் பெட்ரோலோடு நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்து விற்கிறார்கள். இதைத் தாங்கும்படி செய்யாத பழைய ரப்பர் குழாய்கள் நாளடைவில் இளகியோ வெடித்தோ கசியக்கூடும். சூடான புகைக் குழாய்க்கு மேலே பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றினோம்.

கடைசியாகப் பாய் நண்பருக்கு ஓர் உபதேசம் செய்தார். “சிவப்பு விளக்கில் நிற்கும்போது க்ளட்சை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள்.” இதற்குக் காரணம் உண்டு. மிதியை அழுத்தும்போதெல்லாம் என்ஜினின் கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவதற்குப் பிறைச் சந்திரன் வடிவத்தில் இரண்டு மெல்லிய வாஷர்கள் இருக்கின்றன. டிரயம்ஃப் என்ஜின்களில் அவைதாம் பலவீனமான அங்கம். தேய்ந்து கீழே விழுந்துவிட்டால் தண்டே என்ஜின் கூட்டை அராவத் தொடங்கும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் முன்னாலுள்ள கப்பியைக் கவனித்தால் போதும். கண்ணுக்குத் தெரியும்படி கப்பி முன்னும் பின்னும் நகர்ந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். நண்பரின் கப்பி நகரவில்லை.

மறு ஞாயிறு பரீட்சை பார்த்தோம். ஓசூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளிக்கு அருகாகச் சென்று, சூளகிரியைத் தாண்டிக் கீழே இறங்கும்வரை எந்த வண்டியும் நல்ல வண்டிதான். திரும்பி ஏறி வருவதில்தான் சூட்டுக்கும் க்ளட்சுக்கும் பரீட்சை. இறங்கும்போது பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி க்ளட்சை மிதித்து உருள விடுகிறவர்கள் உண்டு. அது பிரேக்கையும் உயிரையும் செலவழித்துப் பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வித்தை. நாங்கள் கியரிலேயே இறங்கி, மாம்பழக் கூடை ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டு நடுப்பகலில் ஏறினோம். மிதி கல் போல் நின்றது. காலடியில் சூடு இல்லாமலில்லை. பந்தய வண்டியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மாம்பழம் வேகவில்லை.

பட்டறையில் பாய் ஒரு செய்தி சொன்னார். பையன் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை ஒன்றுக்கு மனுப் போட்டிருக்கிறானாம். 1980-ஆம் வருஷத்தில் டி.வி.எஸ். மொபெட்டை ஊரூராக அனுப்பத் தொடங்கிய இதே ஓசூர் வட்டாரத்தில், 2021 முதல் மின்சார ஸ்கூட்டர்கள் ஆயிரக்கணக்கில் உருவாகின்றன. போச்சம்பள்ளிப் பக்கத்திலும் அப்படியே. “அங்கே க்ளட்சும் கிடையாது, சைலன்சரும் கிடையாது. நான் கற்றுக்கொடுத்தது அவனுக்கு எதற்கு உதவும், சார்?” என்றார் பாய்.

நான் யோசிப்பதற்குள் பையனே பதில் சொன்னான்: “பாட்டரியும் சூடாகும் பாய். சூடு எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அங்கேயும் பார்க்க வேண்டும் அல்லவா?”

முப்பத்தைந்து மதிப்பெண் கொடுத்தவன் நான்தான். விடைத்தாளைத் திரும்ப வாங்கித் திருத்த வழியிருந்தால் தேவலை.

வண்டி எந்த தேசத்தில் பிறந்ததானாலும், அது நம் சாலையில் ஓடுவது நம் பட்டறைக்காரர்களின் அறிவினால்தான். பெரிய பட்டறை பாகத்தை மாற்றியது. சிறிய பட்டறை காரணத்தைக் கேட்டது. சீமைச் சாமானுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த நம்மவருக்குக் கொடுத்தால் வண்டியும் பிழைக்கும், வித்தையும் பிழைக்கும்.

நண்பரின் பெண் இப்போது மறுபடியும் அந்த வண்டியில் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இறங்கியதும் அவளைக் கேட்கும் முதல் கேள்வி, “சாப்பிட்டாயா?” என்பதல்ல, “தலை வலிக்கிறதா?” என்பதுதான். “இல்லை மாமா, பசிக்கிறது” என்கிறாள்.